யூரியாவைக் குறைக்க நுண்ணுயிர் உரம்: வேலூர்ப் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் எங்களுக்குக் கழனி ஒன்றரை ஏக்கர், மேட்டில் கொல்லை இரண்டு ஏக்கர். கழனியில் நெல், கொல்லையில் மல்லாட்டையும் (வேர்க்கடலை) துவரையும். ரைசோபியம், அசோஸ்பைரில்லம் என்று பாக்டீரியாப் பொட்டலம் வாங்கிப் போட ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சில பட்டம் பலித்தது. சில பட்டம் காசும் வேலையும் வீண். எதனால் அப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே ஒரு பட்டியல் சேர்ந்துவிட்டது.

காற்றில் இருக்கும் சத்தைப் பாக்டீரியா பிடித்துக் கொடுக்கும் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். நாம் தழைச்சத்து என்று சொல்வதும் அதைத்தான். ஆனால் காற்றில் இருக்கும்போது அதன் இரண்டிரண்டு அணுக்களும் மூன்று பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. செடியால் அந்தப் பிடியை விடுவிக்க முடியாது. அதனால்தான் தழைச்சத்துக்கு நடுவிலேயே நின்றுகொண்டு பயிர் வெளிறிப் போகிறது.

அந்தப் பிடியை ஆலையில் உடைக்கும் வழியை ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டுபிடித்தார். கார்ல் போஷ் அதைப் பெரிய ஆலையாக்கினார். 1913இல் ஓப்பாவ் என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது. 400, 500 டிகிரி செல்சியஸ் சூடு, காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் அழுத்தம் எல்லாம் அதற்கு வேண்டும். இன்று உரக்கடையில் கிடைக்கும் யூரியாவும் அந்த வழியில் வந்த அம்மோனியாவிலிருந்து செய்ததுதான்.

பாக்டீரியா அதே வேலையை நம் மண்ணின் சூட்டிலேயே செய்கிறது. அதன் உடம்பில் நைட்ரோஜினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது; இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்தது. ஆனால் இந்த வேலைக்கு நிறைய சக்தி செலவாகும். வேரில் முடிச்சு போட்டு அதில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு அந்தச் செலவைச் செடிதான் தன் சர்க்கரையிலிருந்து கொடுக்கிறது. செடியே வாடிக் கிடந்தால் கூலி கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது, பாக்டீரியாவும் வேலை செய்யாது. மணிச்சத்து (பாஸ்பரஸ்), ஈரம், தொழுவுரம் எதுவும் இல்லாத மண்ணில் பொட்டலம் மட்டும் போட்டுவிட்டு எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

எந்தப் பயிருக்கு எதைப் போடுவது?

மல்லாட்டை, உளுந்து, பச்சைப்பயறு, துவரை, காராமணி மாதிரி பயறு வகைகளுக்கு ரைசோபியம். இது வேரில் முடிச்சு போட்டு உள்ளேயே குடியிருக்கும். நெல், கேழ்வரகு, சாமை, சோளம், காய்கறிகளுக்கு அசோஸ்பைரில்லம். இது முடிச்சு போடாது, வேரைச் சுற்றியும் கொஞ்சம் வேருக்குள்ளும் வாழும். அசட்டோபாக்டர் மண்ணில் தனியாகவே வாழும் வகை. பாஸ்போபாக்டீரியா தழைச்சத்துக்கானது இல்லை. மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைத்துத் தருவது. கடையில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதால் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

ரைசோபியத்திலும் பயிருக்குப் பயிர் வேறு. உளுந்துக்கென்று எழுதியதை மல்லாட்டைக்குப் போடாதீர்கள். பொட்டலத்தின் மேல் பயிர்ப் பெயர் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

மல்லாட்டைக்கு எப்படிக் கலப்பது?

வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஹெக்டேர் விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று. ஏக்கருக்கு ஒன்றேகால் கணக்கு வரும். நான் இரண்டாகவே போட்டுவிடுகிறேன். ஏக்கருக்கு 50 கிலோ விதைப் பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசிக் கஞ்சி ஆறியிருக்க வேண்டும், கெட்டியாக இருக்க வேண்டும், குறைவாக இருக்க வேண்டும். பாக்டீரியாப் பொடியைக் கஞ்சியில் குழைத்து, தார்ப்பாயில் கொட்டிய பருப்பின் மேல் தெளித்துப் பக்குவமாகப் புரட்டுங்கள். உளுந்தைத் தேய்ப்பது மாதிரி தேய்க்கக் கூடாது. மல்லாட்டைப் பருப்பின் தோல் பூ மாதிரி. தோல் கழன்றாலோ பருப்பு இரண்டாகப் பிளந்தாலோ முளைப்பு போயிற்று. எங்கள் வீட்டில் இந்த வேலையை அம்மாதான் செய்வார். என் கைக்கு அந்தப் பொறுமை வராது.

அப்புறம் நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். ராத்திரி கலந்து வைத்து மறுநாள் மத்தியானம் விதைப்பது, வெயிலில் காயப்போடுவது இரண்டும் வேண்டாம்.

விதைக்கு ஏற்கெனவே பூஞ்சாண மருந்து கலந்திருந்தால்?

பூஞ்சாண மருந்து முதலில், ஒரு நாள் இடைவெளி, கடைசியாக விதைக்கும் நேரத்தில் ரைசோபியம். இரண்டையும் ஒரே குழம்பாகக் கலந்தால் பாக்டீரியா செத்துவிடும். வேரழுகலுக்கு ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சாணத்தைப் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது ரைசோபியத்தைக் கொல்லாது.

எங்கள் நிலத்தில் தாத்தா காலத்திலிருந்து மல்லாட்டைதான். இதற்கும் பொட்டலம் வேண்டுமா?

நல்ல கேள்வி. விற்பவர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. வருடா வருடம் மல்லாட்டை போட்ட மண்ணில் அதற்கேற்ற பாக்டீரியா ஏற்கெனவே ஏராளமாக இருக்கும். புதிதாக நாம் போடுவது அந்தக் கூட்டத்தோடு போட்டி போட்டு வேருக்குள் இடம் பிடிக்க வேண்டும். பல சமயம் தோற்றுவிடும். அப்படிப்பட்ட கொல்லையில் பெரிய வித்தியாசம் தெரியாது. பல வருடம் நெல்லே நட்ட கழனியில் முதல் தடவை மல்லாட்டையோ உளுந்தோ போடும்போதும், புதிதாக உடைத்த நிலத்திலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

போடுவதற்கு முன்னால், போன பட்டத்துச் செடியின் வேரைப் பார்த்தீர்களா என்று கேட்பேன். முடிச்சு நன்றாக இருந்தால் அந்தக் காசைக் காய்க்காகப் போடும் ஜிப்சத்தில் போடுங்கள்.

வேரில் என்ன பார்க்க வேண்டும்?

விதைத்து 30, 35 நாளில், நாலைந்து இடத்தில், செடியை மண்ணோடு மண்வெட்டியால் எடுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சே இல்லை என்று தப்பாக முடிவு கட்டிவிடுவோம். தண்ணீரில் மெதுவாக அலசிவிட்டு ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் ஒன்று இளசு, அல்லது சோம்பேறி. பச்சையோ பழுப்போ என்றால் வயசாகிவிட்டது.

அந்தச் சிவப்பு நம் ரத்தத்தின் சிவப்புக்கு உறவுக்காரன். நைட்ரோஜினேஸுக்கு ஆக்சிஜன் ஆகாது, பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்க, ஹீமோகுளோபின் வகையைச் சேர்ந்த ஒரு சிவப்புப் பொருளை முடிச்சில் உண்டாக்கி, ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விடுகிறது செடி. முதன்முதலில் இதைக் கேட்டபோது கொல்லையில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து முடிச்சை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். களையெடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. வேரில் முண்டு முண்டாக இருப்பதெல்லாம் நல்ல முடிச்சு இல்லை. நூற்புழு தாக்கினாலும் வேர் வீங்கும். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும். நூற்புழு வீக்கம் வேரே பருத்திருப்பது, உதிராது. கத்திரிச் செடி வேரில் முண்டு கண்டு ‘பாக்டீரியா பிடித்திருக்கிறது’ என்று சந்தோஷப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். கத்திரிக்கு ரைசோபிய முடிச்சே வராது.

முடிச்சு பிடித்த செடிக்கு யூரியாவும் போட்டால் இன்னும் நல்லதுதானே?

இல்லை. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுக்குக் கூலி கொடுப்பதை நிறுத்திவிடும். சும்மா கிடைக்கும்போது யார் காசு கொடுப்பார்கள்? இறவை மல்லாட்டைக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்துதான் பரிந்துரை, ஏக்கருக்கு 10 கிலோ. யூரியாவாகக் கணக்குப் போட்டால் அரை மூட்டை கூட முழுசாக வராது, அதுவும் முடிச்சு வரும்வரை தாக்குப்பிடிக்க. நம் பக்கத்தில் 25ஆம் நாள் செடி கொஞ்சம் வெளிறியதும் ஒரு மூட்டை யூரியாவை வீசிவிடுகிறோம். செடி கருகருவென்று தழைக்கும், காய் பிடிக்காது. 40, 45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஜிப்சம் போடுவது காய்க்கு அதைவிட எவ்வளவோ மேல்.

நெல்லுக்கும் இதே அளவு பலன் உண்டா?

கிடையாது. ரைசோபியம் செடியின் வீட்டுக்குள் வந்து குடும்பம் நடத்துவது. அசோஸ்பைரில்லம் வாசலில் வந்து போகிற ஆள் மாதிரி. அது பிடிக்கும் தழைச்சத்து குறைவு, அதிலும் பயிருக்கு வந்து சேர்வது ஒரு பங்குதான். ஆனால் இன்னொரு நன்மை உண்டு. வேர் வளர்ச்சியைத் தூண்டும் பொருளை அது சுரக்கிறது, பக்கவேர் அதிகம் விடுகிறது. நாம் போட்ட உரத்தையே பயிர் கூடுதலாக உறிஞ்சுகிறது. நெல்லில் நான் பார்த்த பலனில் பாதிக்கு மேல் இந்த வேர்க் கணக்குதான் என்பது என் எண்ணம்.

நெற்கழனிக்கு வேறொரு கொடையும் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் தானாகவே வளர்ந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நீலப்பச்சைப்பாசி. வருடக்கணக்காக உரமே போடாத கழனியும் எப்படி ஏதோ விளைந்துகொண்டே இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று 1939இல் பி. கே. டே என்ற இந்திய விஞ்ஞானி காட்டினார்.

நெல்லுக்கு எப்படிப் போடுவது?

நடவன்று நாற்றின் வேரை நனைப்பது எனக்குப் பிடித்த முறை. ஏக்கருக்கு இரண்டு பொட்டலத்தை 16 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்று முடிகளின் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைய விட்டு நடலாம். அண்டா எதற்கு, கழனி மூலையிலேயே சின்னப் பாத்தி கட்டி அதில் கரைத்துவிடுங்கள். கூடவே ஏக்கருக்கு நாலு பொட்டலத்தை மக்கிய தொழுவுரத்தில் கலந்து நடவுக்கு முன் வீசலாம். அடியுரத்தோடு சேர்த்துக் கலந்து வீச வேண்டாம். உரத்தின் உப்பு பாக்டீரியாவைச் சுட்டுவிடும்.

யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்? காசு எவ்வளவு மிச்சம்?

பொதுவான பரிந்துரை 25 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்று மண் பரிசோதனை அட்டையில் வந்தால், யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் 130 கிலோ யூரியா, கிட்டத்தட்ட மூன்று மூட்டை. அதில் கால் பங்கு 15 கிலோ தழைச்சத்து, சுமார் 33 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 பைசா. ஆக மிச்சம் 200 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு.

இதைச் சொன்னால் எல்லோருக்கும் முகம் சுருங்குகிறது. உண்மை அதுதான். யூரியாவின் விலையில் பெரும்பங்கை அரசு மானியமாகக் கொடுப்பதால், நம் பைக்குத் தெரியும் மிச்சம் சிறியது. ‘உரச் செலவு பாதி குறையும்’ என்று யாராவது சொன்னால் கணக்கைக் கேளுங்கள். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. தழைச்சத்து மிஞ்சிய நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் கூடுதலாக வரும், பயிர் சாயும். ஒரு மருந்துத் தெளிப்பு குறைந்தாலே யூரியா மிச்சத்தைவிட அதிகம். யூரியாத் தட்டுப்பாடு வரும் பட்டத்தில் கடை கடையாக அலைவதும், யூரியா வேண்டுமென்றால் இந்த டானிக்கும் வாங்கு என்று தலையில் கட்டுவதும் உண்டே, அதிலிருந்தும் கொஞ்சம் தப்பிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கழனியில் யூரியாவை அதிகம் குறைத்தது பாக்டீரியா இல்லை, இலை வண்ண அட்டை. இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளிறினால் மட்டும் மேலுரம். பாதித் தடவை தேவையே இருந்ததில்லை.

பொட்டலத்தை எங்கே வாங்குவது? நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்?

ஒன்றிய வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம், சந்தேகமும் தீர்த்துக்கொள்ளலாம். உரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி பொடியில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருந்தாக வேண்டும். அதை நாம் எண்ண முடியாது. நாம் பார்க்க முடிந்தது நாலு விஷயம்: பயிர்ப் பெயர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, கடையில் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

நாலாவதுதான் வேலூரில் முக்கியம். இது உரம் என்று பெயர் வைத்த உயிர். கத்திரி வெயிலில் நம் ஊர் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது தகரக் கொட்டகைக் கடையில், பூச்சிமருந்து அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் கிடந்த பொட்டலத்தில் மிஞ்சுவது கருப்புத் தூள் மட்டும்தான். ஒரு வருடம் சித்திரையில் வாங்கிய பொட்டலங்களை நானே வண்டியின் டேங்க் கவரில் வைத்து மறந்து, ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு எடுத்தேன். தொட்டால் சுட்டது. காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று அதையே கலந்தேன். பலன் பூஜ்யம். யாரைக் குறை சொல்ல?

வாங்கியதும் பானைத் தண்ணீர் வைக்கும் மூலையில், மண் தரையில், வெயில் படாமல் வையுங்கள். வயலுக்கு எடுத்துப் போகும்போது ஈரத்துணி சுற்றுங்கள்.

பொடியா, திரவமா?

திரவம் கூடுதல் நாள் தாங்கும், அளவு குறைவாகப் போதும், சூட்டையும் கொஞ்சம் பொறுக்கும். கிடைத்தால் திரவமே வாங்குங்கள்.

பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைப்பதும் இதுதானா?

இதுவேதான், இன்னும் நம்பகமான வடிவத்தில். ஒரே ஒரு வழிதான் செய்ய முடியும் என்றால் பொட்டலத்தை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்பேன். நவரைப் பட்டத்து நெல்லை அறுத்துச் சம்பாப் பட்டத்துக்குக் காத்திருக்கும் இடைவெளியில், தண்ணீர் இருந்தால், ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45 நாளில் பூ எடுக்கும் சமயம் மடக்கி உழுது சேடை ஓட்டினால் (தண்ணீர் கட்டிச் சேறாக்கினால்) தழைச்சத்தும் கிடைக்கும், மண்ணுக்கு மக்குச் சத்தும் சேரும். பூத்து முற்றவிட்டால் தண்டு நாராகி மக்காது. மானாவாரிக் கொல்லைக்குக் கொளுஞ்சி. ஆடுமாடு அவ்வளவாகக் கடிக்காது, ஒரு தடவை விதைத்தால் உதிர்ந்த விதையே அடுத்த மழைக்கு முளைத்துக்கொள்ளும்.

மணிலா அகத்தி என்று ஒன்று உண்டு. வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் முடிச்சு போடும் அதிசயச் செடி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

அசோலா?

தண்ணீரில் மிதக்கும் பெரணி. அதன் இலைக்குள் அனபீனா என்ற பாசி குடியிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது. சம்பாவில் நன்றாக வரும். சொர்ணவாரிப் பட்டத்தில், வேலூர் வெயிலில், நிழல் இல்லாவிட்டால் சிவந்து சுருங்கிவிடும். எங்கள் வீட்டில் அசோலாத் தொட்டி இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி மாட்டின் வயிற்றுக்குத்தான் போகிறது.

கரும்புக்கு?

அம்முண்டி ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர்கள் கேட்பார்கள். குளுக்கோனசிட்டோபாக்டர் என்று கரும்பின் தண்டுக்குள்ளேயே வாழும் வகை ஒன்றை 1988இல் பிரேசிலில் கண்டார்கள். கரும்புக்கென்று விற்பது அதுதான். நான் கரும்பு வைத்ததில்லை, அதனால் அனுபவம் சொல்ல முடியாது.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவுநீர் பாய்ந்த நிலம். அங்கே பலிக்குமா?

கஷ்டம். பாலாற்றுப் பாசனத்தில் தோல் ஆலைக் கழிவு செய்த கேடு உச்ச நீதிமன்றம்வரை போய் 1996இல் தீர்ப்பானது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட மண்ணில் உப்பு மிகுந்தால் ரைசோபியம் பிழைத்தாலும் வேரோடு ஒட்டாது. முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பை ஓரளவு தாங்குவது தக்கைப்பூண்டு. இரண்டு மூன்று பட்டம் அதை மடக்கி உழுது மண் தேறியபின் மற்றதைப் பேசலாம்.

நானோ யூரியா, ஜீவாமிர்தம் எல்லாம் இதே வகையா?

நானோ யூரியாவில் பாக்டீரியா இல்லை. அது இலையில் தெளிக்கும் யூரியாதான். சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்து புளிக்கவைக்கும் ஜீவாமிர்தத்தில் நுண்ணுயிர்கள் உண்டு, ஆனால் எது எவ்வளவு என்று அளவு கிடையாது. போடுபவர்கள் போடட்டும். அதை நம்பி யூரியாவை ஒரே பட்டத்தில் நிறுத்திவிட்டு ஏக்கருக்குப் பத்து மூட்டை நெல்லை இழந்தவரும் எங்கள் ஊரில் உண்டு.

அப்படியானால் நெல்லில் யூரியாவை முழுசாக நிறுத்தவே முடியாதா?

பொட்டலத்தை மட்டும் நம்பி முடியாது. நெல்லின் வேரிலும் மல்லாட்டை மாதிரி முடிச்சு வரவைக்க உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. நம் கழனிக்கு வரும்போது பார்ப்போம். தக்கைப்பூண்டு, தொழுவுரம், நெல்லுக்குப் பின் உளுந்து என்று மண்ணைத் தேற்றிக்கொண்டே வருடத்துக்குக் கொஞ்சமாகக் குறைக்கலாம். நான் மூன்று மூட்டையிலிருந்து ஒன்றே முக்காலுக்கு வர ஆறு வருடம் ஆனது.

என் நிலத்தில் பலித்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழு நிலத்துக்கும் போட்டுவிட்டால் தெரியவே தெரியாது. நல்ல மழை பெய்தால் பாக்டீரியாவுக்குப் பேர், பெய்யாவிட்டால் பாக்டீரியாவுக்குத் திட்டு. ஐந்து சென்ட் மட்டும் கலக்காத விதையை விதைத்து, நாலு மூலையிலும் குச்சி நட்டு வையுங்கள். உரம், தண்ணீர், களை எல்லாம் ஒரே மாதிரி. கலக்காத விதையை முதலில் விதைத்துவிடுங்கள். கலந்த கையோடு போய் விதைத்தால் அங்கேயும் பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும். அறுவடையன்று அந்த ஐந்து சென்டையும் பக்கத்தில் ஐந்து சென்டையும் தனித்தனியாக ஆய்ந்து எடை போடுங்கள். ஆய வருகிறவர்களிடம் காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே குவியலில் கொட்டிவிடுவார்கள்.